அட்டன்பரோ: ஓர் ஊர்ப் பெயரின் எழுநூறு ஆண்டு வழி

‘காந்தி’ படம் 1982-இல் வெளிவந்த பிறகு அட்டன்பரோ என்ற பெயர் நம் ஊர்களில் பலருக்கும் பழகிவிட்டது. படத்தை இயக்கியவர் ரிச்சர்ட் அட்டன்பரோ. அவருடைய தம்பி டேவிட் அட்டன்பரோ. பிபிசியின் இயற்கை ஆவணப்படங்களைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு அவர் குரலே போதும், பெயர் சொல்லத் தேவையில்லை. இப்படி உலகம் முழுக்க ஒலித்த பெயர் என்பதால் இங்கிலாந்தில் தெருவுக்கு ஓர் அட்டன்பரோ குடும்பமாவது இருக்கும் என்று தோன்றும். உண்மையில் அது அரிய குடும்பப்பெயர். 1881-ஆம் ஆண்டின் மக்கள்தொகைக் கணக்கெடுப்பை வைத்து வரைந்த வரைபடத்தில் தேடினால், நாட்டின் நடுப்பகுதியில் நாட்டிங்காம்ஷயரிலும் அதை ஒட்டிய டார்பிஷயரிலும் அந்தப் பெயர் அடர்ந்து கிடக்கும். லண்டனில் ஒரு சிறு திட்டு. மற்ற இடங்கள் ஏறக்குறைய வெறுமை. அடர்ந்து கிடக்கும் அந்தப் பகுதியில், டிரெண்ட் ஆற்றங்கரையில், அட்டன்பரோ என்றே ஒரு கிராமம் இருக்கிறது.

பெயரும் ஊரும் ஆட்களும் இவ்வளவு நெருக்கமாகக் கிடைக்கும்போது மனம் ஒரு முடிவுக்குத் தாவிவிடுகிறது. அந்த ஊரிலிருந்து கிளம்பிய ஒரே ஒரு மனிதரின் வாரிசுகள்தான் இன்றைய அட்டன்பரோக்கள் எல்லோரும் என்பது அந்த முடிவு. இது சரியா? ஏறக்குறைய நூற்றைம்பது ஆண்டுகளாகக் கணித அறிஞர்களும் வரலாற்றாசிரியர்களும் மரபியலாளர்களும் ஆளுக்கொரு பக்கமிருந்து இந்தக் கேள்வியைக் கையில் எடுத்திருக்கிறார்கள். அவர்கள் சேர்த்துவைத்ததை ஒன்றாக வைத்துப் படித்தபோது எனக்குத் தெளிவானது இதுதான்: அரிய பெயரின் வழியாக நாம் அறிந்துகொள்வது, யாருடைய கிளை அழியாமல் தப்பியது என்பதை. அந்தப் பெயரை முதலில் சூடியவர்கள் எத்தனை பேர் என்பது வேறு கேள்வி. இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்வதால்தான் இந்தத் துறையில் பாதித் தவறுகள் நேர்கின்றன.

தந்தை பெயரின் முதலெழுத்தை முன்னால் போட்டுக்கொண்டு, தலைமுறைக்குத் தலைமுறை அதை மாற்றிக்கொள்கிற நமக்கு, மாறாமல் கைமாறி வரும் குடும்பப்பெயர் புதிதாகத் தோன்றலாம். இங்கிலாந்திலும் அது ஆதியிலிருந்து இருந்த ஏற்பாடன்று. 1066-இல் நார்மானியர் வந்து நாட்டைப் பிடிப்பதற்கு முன் சாதாரண மக்களுக்கு இருந்தது ஒரே பெயர். நார்மானியர் ஆட்சிக்குப் பிறகு வில்லியம், ராபர்ட், ஜான் என்று சில பெயர்களையே ஊரெல்லாம் பிள்ளைகளுக்கு வைக்கத் தொடங்கினார்கள். எந்த ஜான் என்று கேட்க வேண்டிய நிலை வந்தது. கொல்லன் ஜான், ராபர்ட் மகன் ஜான், குட்டை ஜான், இன்ன ஊர் ஜான் என்று ஒட்டுப்பெயர்கள் பிறந்தன. முதலில் அந்த ஒட்டு ஆளோடு வந்து ஆளோடே போனது. நிலமும் குத்தகையும் வரியும் எழுத்துக்குள் வந்தபோது, அப்பாவின் ஒட்டுப்பெயரே மகனுக்கும் ஒட்டிக்கொண்டது. இந்த வழக்கம் பெருநிலக்காரர்களிடம் தொடங்கியது. தெற்கில் 1350 வாக்கில் சாதாரணக் குடும்பங்கள் வரை வந்துவிட்டது. வடக்கில் இன்னும் தாமதமானது. 1377, 1379, 1381 ஆண்டுகளின் தலைவரிப் பட்டியல்களில் இந்த மாற்றத்தின் நடுப்பகுதியை நேராகப் பார்க்கலாம்.

ஊர்ப்பெயரிலிருந்து வந்த குடும்பப்பெயர்களுக்கு ஒரு தனி விதி உண்டு. ஊருக்குள்ளேயே இருக்கும் ஒருவரை அந்த ஊர்க்காரர் என்று யாரும் அழைப்பதில்லை. அங்கே எல்லோருமே அந்த ஊர்க்காரர்கள். கிளம்பி இன்னோர் ஊரில் குடியேறியவருக்குத்தான் பழைய ஊரின் பெயர் ஒட்டும். வெகுதூரம் போய்விட்டாலும் ஒட்டாது, ஏனென்றால் சிற்றூரின் பெயர் அங்கே யாருக்கும் தெரியாது. லண்டனில் போய் நின்று அட்டன்பரோ என்றால் 1300-இல் யாருக்கு விளங்கியிருக்கும்? ஆகவே இப்படிப்பட்ட பெயர்கள் பெரும்பாலும் மூல ஊரைச் சுற்றி ஒரு நாள் நடைக்குள் உள்ள ஊர்களில்தான் பிறந்தன. இதற்கு எதிர்ப்பக்கச் சான்று அட்டன்பரோ ஊரிலேயே இருக்கிறது. அந்த ஊரில் பிறந்தவர்களில் வரலாற்றில் பெரும்பெயர் பெற்றவர் ஹென்றி அயர்ட்டன். 1611-இல் அங்குள்ள புனித மரியாள் தேவாலயத்தில் ஞானஸ்நானம் பெற்றவர். ஆலிவர் கிராம்வெல்லின் தளபதி, மருமகன். முதலாம் சார்லஸ் மன்னரின் மரண ஆணையில் கையெழுத்திட்டவர்களில் ஒருவர். அவருடைய குடும்பப்பெயரோ டார்பிஷயரில் உள்ள அயர்ட்டன் என்ற ஊரிலிருந்து வந்தது. அயர்ட்டன்காரர் அட்டன்பரோவில், அட்டன்பரோக்காரர் பக்கத்து ஊரில். ஊர்ப்பெயர்கள் இப்படித்தான் இடம் மாறி நடந்தன.

ஊரின் பெயருக்கு அறிஞர்கள் தரும் பொருள் எளிது. அட்டா போன்ற ஓர் ஆங்கிலோ-சாக்சன் ஆள்பெயர் முன்னால் இருக்கிறது. பின்னால் அரண் சூழ்ந்த இடத்தைக் குறிக்கும் பழைய ஆங்கிலச் சொல். இன்னாருடைய கோட்டை என்று கொள்ளலாம். ஆனால் குடும்பப்பெயருக்கு இன்னொரு விளக்கமும் சொல்லப்பட்டிருக்கிறது. இடைக்கால ஆங்கிலத்தில் ‘அட்டன்’ என்றால் ‘இன்ன இடத்தருகே’ என்று பொருள். ஆஷ் மரத்தருகே குடியிருந்தவரின் ‘அட்டன் ஆஷ்’ தேய்ந்து நாஷ் என்ற பெயரானது. ஓக் மரங்களருகே இருந்தவர்கள் நோக்ஸ் ஆனார்கள். அதேபோல் ஓர் அரண்மனையருகே, கோட்டையருகே குடியிருந்தவர் ‘அட்டன் பரோ’ ஆகியிருக்கலாம் அல்லவா? சொல்லின் வடிவத்தை மட்டும் பார்த்தால் இது முழுக்கப் பொருந்துகிறது. பொருந்தாதது வரைபடத்தில்தான். கோட்டைகளும் பண்ணை மாளிகைகளும் நாடெங்கும் இருந்தன. அவற்றருகே குடியிருந்தவர்களின் பெயர் என்றால், நாஷ் என்ற பெயரைப்போல இதுவும் பல மாவட்டங்களில் தனித்தனியே முளைத்திருக்க வேண்டும். இதுவோ ஒரே இடத்தில், அதே பெயருள்ள ஊரைச் சுற்றிக் குவிந்திருக்கிறது. சொற்பிறப்பு அகராதி இரண்டு கதவுகளைத் திறந்துவைத்த இடத்தில் புவியியல் ஒன்றைச் சாத்திவிடுகிறது. குடும்பப்பெயர் ஆய்வில் நான் மிகவும் மதிக்கும் முறை இதுதான். சொல் எப்படி ஒலிக்கிறது என்று கேட்பதற்கு முன், அது எங்கே கிடக்கிறது என்று பார்க்க வேண்டும்.

எங்கே கிடக்கிறது என்று பார்க்க ஆவணங்கள் வேண்டும். அந்த வகையில் இங்கிலாந்து கொடுத்துவைத்த நாடு. 1538-இல் எட்டாம் ஹென்றியின் அமைச்சர் தாமஸ் கிராம்வெல், ஒவ்வொரு பங்கிலும் ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் மூன்றையும் பதிவேட்டில் எழுத வேண்டும் என்று ஆணையிட்டார். 1662-இலிருந்து சில பத்தாண்டுகள் வீட்டில் உள்ள அடுப்புகளை எண்ணி வரி வாங்கினார்கள்; அந்த அடுப்பு வரிப் பட்டியல்கள் இன்று பெயர் ஆய்வாளர்களுக்குப் புதையல். 1837-இல் அரசே பிறப்பு இறப்புகளைப் பதியத் தொடங்கியது. எல்லாவற்றுக்கும் மேலாக 1881 கணக்கெடுப்பு. குடும்ப வரலாற்று ஆர்வலர்கள் கூடி, சம்பளம் வாங்காமல், கோடிக்கணக்கான பதிவுகளைக் கையால் படியெடுத்தார்கள். இன்று எந்தப் பெயரைத் தட்டினாலும் வரைபடம் விரிகிறது என்றால் அந்தக் கைகளால்தான்.

ஆனால் இந்த ஏடுகளை எழுதியவர்கள் காதில் விழுந்ததை எழுதினார்கள். பெரும்பாலான மக்களுக்குத் தங்கள் பெயரை எழுதத் தெரியாது. பாதிரியாரோ எழுத்தரோ எப்படி எழுதுகிறாரோ அதுதான் பெயர். அட்டன்பரோ என்ற பெயரின் கடைசி அசை பேச்சில் மிகவும் தேய்ந்து ஒலிப்பது. ஆகவே அட்டன்பரோ, அட்டன்பாரோ, அட்டன்பர்ரோ என்று ஏட்டுக்கு ஏடு எழுத்து மாறுகிறது. ஒரே குடும்பத்தில் அண்ணனுக்கு ஓர் எழுத்து, தம்பிக்கு இன்னோர் எழுத்து என்றுகூட ஆகிவிடலாம். பள்ளிக்கூடம் பரவிய பத்தொன்பதாம் நூற்றாண்டில்தான் ஒவ்வொரு கிளையும் தனக்கு வாய்த்த எழுத்தில் உறைந்தது. இந்தத் திரிபுகளைச் சேர்க்காமல் எண்ணினால் பெயர் இருப்பதைவிட அரியதாகத் தெரியும். சேர்த்து எண்ணினால் வேறு மூலத்திலிருந்து வந்த பெயரும் உள்ளே நுழைந்துவிடக்கூடும். இரண்டு பக்கமும் பள்ளம்.

பெயர்களுக்குத் தாய்மண் உண்டு என்பதை முதலில் நாடு முழுக்க எண்ணிக்காட்டியவர் ஹென்றி பிரவ்ஹாம் கப்பி. 1890-இல் அவர் வெளியிட்ட ‘கிரேட் பிரிட்டனில் குடும்பப்பெயர்களின் இருப்பிடங்கள்’ என்ற நூலுக்கு விவரக் கையேடுகளில் இருந்த விவசாயிகளின் பெயர்களை எடுத்துக்கொண்டார். நிலத்தை நம்பி வாழ்பவர் எளிதில் ஊர்மாற மாட்டார் என்பது அவர் கணக்கு. நாடெங்கும் பரவியவை, ஒரு வட்டாரத்தில் நிற்பவை, ஒரே மாவட்டத்தைத் தாண்டாதவை என்று பெயர்களை வகைப்படுத்தினார். அவருடைய வலையின் கண் சற்றுப் பெரியது, மிக அரிய பெயர்கள் அதில் நழுவிவிட்டன. 1965-இல் லெஸ்டர் பல்கலைக்கழகத்தில் தொடங்கிய ஆங்கிலக் குடும்பப்பெயர் ஆய்வுத் திட்டம்தான் மாவட்டம் மாவட்டமாக இறங்கி வேலை செய்தது. யார்க்ஷயரின் மேற்குப் பகுதியை ஜார்ஜ் ரெட்மண்ட்ஸ் எழுதினார், லங்காஷயரையும் சசெக்ஸையும் ரிச்சர்ட் மெக்கின்லி எழுதினார். அகராதியைப் பார்த்துப் பொருள் சொல்லும் பழைய பழக்கத்தைக் கைவிட்டு, ஒவ்வொரு பெயரையும் அது பிறந்த பண்ணைவீடு வரை துரத்திக்கொண்டு போனவர் ரெட்மண்ட்ஸ். 2016-இல் நான்கு தொகுதிகளாக வந்த பிரிட்டன், அயர்லாந்து குடும்பப்பெயர்களின் ஆக்ஸ்ஃபோர்டு அகராதி, 45,000-க்கும் மேற்பட்ட பெயர்களை இந்த வழியில்தான் விளக்குகிறது.

பெயர்கள் ஏன் இவ்வளவு ஒட்டிக்கிடந்தன? மக்கள் நகராமல் இல்லை. நகர்ந்த தூரம்தான் குறைவு. பெண் எடுப்பது, வேலைக்குப் போவது, குத்தகை பிடிப்பது எல்லாம் சந்தைக்குப் போய்வரும் வட்டத்துக்குள் நடந்தன. நாட்டிங்காம்ஷயரில் இன்னொன்றையும் சேர்க்க வேண்டும். அந்த மாவட்டத்தில் உள்ள கால்வர்ட்டனைச் சேர்ந்த வில்லியம் லீ 1589-இல் காலுறை பின்னும் பொறியைக் கண்டுபிடித்தார் என்பது மரபு. பிறகு வந்த நூற்றாண்டுகளில் அந்தப் பொறி வீடுவீடாக நுழைந்தது. பின்னால் நாட்டிங்காம் லேஸ் தொழிலும் வந்தது. நிலம் போதாத குடும்பமும் ஊரை விட்டுப் போகாமல் வீட்டிலிருந்தபடியே பிழைக்க வழி இருந்தது. 1700-இல் ஐம்பது லட்சம் அளவில் இருந்த இங்கிலாந்தின் மக்கள்தொகை 1851-இல் ஒன்றரைக் கோடியைத் தாண்டியது. அந்தப் பெருக்கத்தின்போது இருந்த இடத்திலேயே கிளைத்த குடும்பங்களின் பெயர்கள்தான் 1881 வரைபடத்தில் கரும்புள்ளிகளாகத் தெரிகின்றன.

லண்டனில் தெரிந்த திட்டுக்கு ஒரு தனிக்கதை. விக்டோரியா காலத்து லண்டனில் அட்டன்பரோ என்றால் நினைவுக்கு வந்தது அடகுக்கடை. நகரில் அந்தப் பெயரில் பல கடைகள் இருந்தன. ஆங்கிலச் சொத்துச் சட்டம் படிப்பவர்கள் இன்றும் படிக்கும் ‘அட்டன்பரோ எதிர் சாலமன்’ வழக்கு அப்படியொரு கடையைப் பற்றியதுதான். 1878-இல் இறந்த ஒருவரின் உயிலை நிறைவேற்றும் பொறுப்பு இரண்டு மகன்களுக்கு வந்தது. பல ஆண்டு கழித்து, 1892-இல், ஒரு மகன் குடும்பத்து வெள்ளிப் பாத்திரங்களை அட்டன்பரோ கடையில் அடகு வைத்துப் பணத்தைத் தன் செலவுக்கு எடுத்துக்கொண்டார். அதற்குள் அவர் உயில் நிறைவேற்றுபவர் என்ற நிலை மாறி அறங்காவலர் ஆகிவிட்டார்; தனியாக அடகு வைக்க அவருக்கு உரிமை இல்லை; கடைக்காரர் பாத்திரங்களைத் திருப்பித்தர வேண்டும் என்று பிரபுக்கள் சபை தீர்ப்பளித்தது. 1913-இன் சட்ட அறிக்கையில் அது இருக்கிறது. டிரெண்ட் ஆற்றங்கரைக் கிராமத்தின் பெயர் சட்டப் புத்தகத்துக்குள் நுழைந்தது இந்த வெள்ளிப் பாத்திரங்களின் வழியாக. நாட்டின் ஒரு மூலையைச் சேர்ந்த அரிய பெயர் தலைநகரில் திடீரென்று தென்பட்டால், ஒரு தொழிலில் காலூன்றிய குடும்பம் உறவுகளைப் பின்னால் இழுத்துக்கொண்டதா என்று பார்ப்பது நல்லது. நம் ஊர்க் கடைவீதிகளைப் பார்த்தவர்களுக்கு இது புரியும்.

இனி அரிய பெயர் ஏன் அரியதாயிற்று என்ற கேள்வி. இதைக் கணக்காக மாற்றியவர் பிரான்சிஸ் கால்ட்டன். பெரிய குடும்பங்களின் பெயர்கள் மறைந்துகொண்டே வருவதைக் கண்டு, 1873-இல் ஒரு கல்விப் பத்திரிகையில் அதைக் கணிதப் புதிராக வெளியிட்டார். ஹென்றி வில்லியம் வாட்சன் என்ற பாதிரியார் விடை எழுதினார். இருவரும் சேர்ந்து 1874-இல் கட்டுரை வெளியிட்டார்கள். ஒரு மனிதருக்கு மகன் இல்லாமல் போக ஒரு வாய்ப்பு, ஒரு மகன் இருக்க ஒரு வாய்ப்பு, இரண்டு மகன்கள் இருக்க ஒரு வாய்ப்பு என்று வைத்துக்கொண்டு தலைமுறை தலைமுறையாகக் கணக்கிட்டால் பெயர் என்ன ஆகும்? எல்லாப் பெயர்களும் கடைசியில் அழிந்துதான் தீரும் என்று முடித்தார் வாட்சன். அது பிழை. சராசரியாக ஒரு மகனுக்கு மேல் இருக்கும் சமூகத்தில் சில பெயர்கள் என்றும் அழியாமல் நிற்க வாய்ப்புண்டு. பிரெஞ்சுக்காரரான பியனமே 1845-இலேயே சரியான விடையைச் சொல்லியிருந்தார், அது யார் கண்ணிலும் படாமல் கிடந்தது. வாட்சனின் பிழை இருபதாம் நூற்றாண்டில்தான் திருத்தப்பட்டது.

விடை தவறினாலும் அந்தக் கணக்கு காட்டிய ஆபத்து உண்மை. பெயர் பிறந்த முதல் சில தலைமுறைகள்தான் கண்டம். ஒரே ஒரு வீட்டில் இருக்கும் பெயர் இரண்டு பெண் குழந்தைகளோடு நின்றுவிடலாம். அந்த இடத்தில் யாருடைய குறையும் இல்லை. அதோடு, இங்கிலாந்தில் குடும்பப்பெயர்கள் நிலைத்துக்கொண்டிருந்த அதே காலத்தில், 1348-49-இல், கொள்ளைநோய் வந்து மக்களில் மூன்றில் ஒரு பங்கிலிருந்து பாதி வரை வாரிக்கொண்டு போனது. எத்தனை பெயர்கள் அப்போது தளிரிலேயே கருகின என்பதற்கு ஏடு கிடையாது. இன்று நம் கண்முன் இருக்கும் அரிய பெயர்கள் அந்தக் கண்டத்தைத் தாண்டியவை.

இந்த இடத்தில்தான் மரபியல் உள்ளே வந்தது. தந்தையிடமிருந்து மகனுக்கு மட்டுமே போகும் ஒய் குரோமோசோமும், இங்கிலாந்தின் குடும்பப்பெயரும் ஒரே பாதையில் நடப்பவை. ஒரே மூதாதையிலிருந்து வந்தவர்கள் என்றால் ஒரே பெயரும் ஒரே ஒய் குரோமோசோமும் இருக்க வேண்டும். ஆக்ஸ்ஃபோர்டின் மரபியல் பேராசிரியர் பிரையன் சைக்ஸ் தன் சொந்தப் பெயரையே சோதனைக்கு எடுத்தார். சைக்ஸ் என்பது சிற்றோடையைக் குறிக்கும் வடக்கத்திச் சொல்லிலிருந்து வந்தது. ஓடை இல்லாத ஊர் ஏது? பெயர் பல இடங்களில் தனித்தனியே முளைத்திருக்கும் என்பதே ஆவணம் படித்தவர்களின் கருத்து. 2000-இல் வெளியான ஆய்வில் சைக்ஸ் என்ற பெயருள்ள 48 ஆண்களில் 21 பேரிடம் ஒரே குரோமோசோம் அடையாளம் இருந்தது. பெயர் ஒரே மனிதரிடமிருந்து வந்தது, இடையில் தலைமுறைக்கு 1.3 விழுக்காடு மட்டுமே வழி மாறியிருக்கிறது என்று சைக்ஸ் முடிவு கட்டினார்.

அட்டன்பரோ மேடைக்கு வந்தது 2009-இல். லெஸ்டர் பல்கலைக்கழகத்தில் டூரி கிங்கும் மார்க் ஜாப்ளிங்கும் 40 பிரிட்டிஷ் குடும்பப்பெயர்களைச் சேர்ந்த 1,678 ஆண்களைச் சோதித்தார்கள். ஸ்மித் என்ற பெயரில் எந்த ஒற்றுமையும் தென்படவில்லை. ஊருக்கு ஒரு கொல்லர் இருந்த நாட்டில் அது எதிர்பார்த்ததுதான். இரண்டு ஸ்மித்துகள் தெருவில் போகும் எந்த இருவரையும்விட நெருங்கியவர்கள் அல்லர். பெயர் அரிதாக அரிதாக ஒற்றுமை கூடிக்கொண்டே போனது. அட்டன்பரோக்களில் 87 விழுக்காட்டினர் ஒரே வழியைச் சேர்ந்தவர்கள். பத்திரிகைகள் இதைப் பிடித்துக்கொண்டன. அட்டன்பரோக்கள் எல்லோரும் ஒரே மனிதரின் வாரிசுகள் என்று செய்தி போனது.

அந்த ஆய்வுக் கட்டுரையின் தலைப்பிலேயே மூன்று சொற்கள் இருக்கின்றன. பெயரைத் தொடங்கியவர்கள் ஒன்று, தற்செயல் இரண்டு, தாம்பத்திய வழுவல் மூன்று. செய்தியில் நடுச்சொல் காணாமல் போய்விட்டது. ஆனால் எல்லாம் அந்த நடுச்சொல்லில்தான் இருக்கிறது. 1300 வாக்கில் அட்டன்பரோ கிராமத்திலிருந்து உறவில்லாத மூன்று பேர் மூன்று பக்கத்து ஊர்களுக்குப் போனதாக வைத்துக்கொள்வோம். மூவருக்கும் அட்டன்பரோ என்ற பெயர்தான் ஒட்டும். ஒருவருக்கு ஆண் வாரிசு இல்லை. ஒருவரின் வழி கொள்ளைநோயில் போனது. மூன்றாமவரின் பேரன்கள் பெருகினார்கள். எழுநூறு ஆண்டு கழித்துச் சோதித்தால் ஒரே குரோமோசோம்தான் கிடைக்கும். பெயரைச் சூடியவர் ஒருவரே என்று அதை வைத்துச் சொல்ல முடியாது. எஞ்சியவர் ஒருவர் என்று மட்டும்தான் சொல்ல முடியும். கணினியில் தலைமுறைகளை ஓட்டிப் பார்த்து கிங்கும் ஜாப்ளிங்கும் காட்டியதும் இதைத்தான்: பலரால் தொடங்கிய பெயரும் தற்செயலின் கையில் ஒரே வழியாகக் குறுகிவிட முடியும். சைக்ஸ் ஆய்விலும் இதே ஓட்டை இருக்கிறது. அவருடைய ஒற்றை மூதாதை முடிவை நான் ஏற்கவில்லை. ஓடையோரத்துச் சைக்ஸ்கள் பலர் இருந்து, ஒருவர் வழி மட்டும் பெருகியிருக்கலாம் என்று கொண்டால், ஆவணமும் குரோமோசோமும் முரண்படவே தேவையில்லை.

மீதமுள்ள 13 விழுக்காட்டையும் கொஞ்சம் கவனிக்க வேண்டும். இதைக் கண்டதும் கள்ள உறவு என்று கண் சிமிட்டுபவர்கள் உண்டு. எழுநூறு ஆண்டு என்பது இருபதுக்கும் மேற்பட்ட தலைமுறை. அதற்குள் தத்தெடுத்த பிள்ளை இருந்திருப்பான். விதவை மறுமணம் செய்துகொண்டு, பிள்ளைகள் இரண்டாம் கணவரின் பெயரை எடுத்திருப்பார்கள். மணமாகாத தாய் தன் பெயரையே மகனுக்குக் கொடுத்திருப்பாள். இங்கிலாந்துப் பங்கு ஏடுகளில் இது ஏராளம். ஆண் வாரிசில்லாத மாமனாரின் சொத்துக்காக மருமகன் பெயர் மாற்றிக்கொண்டதும் உண்டு. ஃபிளாண்டர்ஸ் பகுதியில் 2013-இல் வெளியான ஆய்வு தலைமுறைக்குச் சுமார் 1 விழுக்காடு அளவில்தான் தந்தைவழி மாறுகிறது என்று காட்டியது. ஒரு தலைமுறைக்கு ஒன்று என்பது இருபது தலைமுறையில் கூடிக்கொண்டே போகும். அந்த நோக்கில் அட்டன்பரோக்களின் 87 ஆச்சரியப்பட வேண்டிய அளவு உயர்ந்தது.

லெஸ்டர் குழுவின் இன்னொரு கண்டுபிடிப்பு என் மனத்தில் ஆழமாக நின்றுவிட்டது. 2007-இல் வெளியானது அது. யார்க்ஷயரின் கிழக்குப் பகுதியைச் சேர்ந்த ஓர் அரிய பெயர். அதைச் சூடிய 18 ஆண்களைச் சோதித்ததில் 7 பேரிடம் மேற்கு ஆப்பிரிக்காவில் மட்டுமே அதுவரை கண்டிருந்த குரோமோசோம் வகை இருந்தது. யாருக்கும் தங்கள் குடும்பத்தில் ஆப்பிரிக்க வேர் இருப்பது தெரியாது. வம்சாவளியைப் பின்னோக்கிப் பிடித்தால் பதினெட்டாம் நூற்றாண்டின் கடைசியில் யார்க்ஷயரிலேயே பிறந்த இருவரிடம் போய் நிற்கிறது. அவர்களுக்குப் பொது மூதாதை அதற்கும் முன்னே. முழுக்க ஆங்கிலேயப் பெயர், முழுக்க ஆங்கிலேயத் தோற்றம், உள்ளே ஆப்பிரிக்க மூதாதை ஒருவர் நடந்துகொண்டே வந்திருக்கிறார். பெயரை வைத்து ரத்தத்தை அளப்பவர்களுக்கு இதைவிட நேரான பதில் வேண்டியதில்லை. பத்துத் தலைமுறைக்கு முன் ஒவ்வொருவருக்கும் 1,024 மூதாதையர் இடங்கள் உண்டு. குடும்பப்பெயர் அவர்களில் ஒரே ஒருவரின் வழியைத்தான் சொல்கிறது. மற்ற 1,023 பேரையும், அவர்களில் பாதியாக உள்ள பெண்கள் அனைவரையும், அது விட்டுவிடுகிறது. அட்டன்பரோ ஆண்களுக்கு வாழ்க்கைப்பட்டு வந்த பெண்களின் பெயர்களைத் திருமண ஏட்டில் ஒரு வரியில்தான் தேட வேண்டும்.

லெஸ்டர் என்ற பெயர் இந்தக் கட்டுரையில் திரும்பத் திரும்ப வருவது தற்செயலா என்று எனக்கே தோன்றியது. டி.என்.ஏ. அடையாள முறையை அலெக் ஜெஃப்ரீஸ் 1984-இல் கண்டுபிடித்தது அந்தப் பல்கலைக்கழகத்தில். குடும்பப்பெயர் ஆய்வுத் திட்டம் நடந்ததும், டூரி கிங் வேலை செய்ததும் அங்கேதான். அந்தப் பல்கலைக்கழகம் கல்லூரியாக இருந்த நாளில், 1932 முதல் 1951 வரை, அதன் முதல்வராக இருந்தவர் பிரெடெரிக் அட்டன்பரோ. ரிச்சர்டும் டேவிட்டும் அந்த வளாகத்தில் வளர்ந்தார்கள். அங்குள்ள பதினெட்டு மாடிக் கட்டடம் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. அவரும் ஆங்கிலோ-சாக்சன் காலத்தைப் படித்தவர். ஆதி ஆங்கில மன்னர்களின் சட்டங்களை 1922-இல் பதிப்பித்திருக்கிறார். தன் பெயரின் பின்பாதியில் உள்ள அரண் என்ற பழைய சொல்லை அந்தச் சட்டங்களிலேயே அவர் பலமுறை படித்திருப்பார்.

அட்டன்பரோ கிராமம் இன்று நீர்நிலைகளால் சூழப்பட்டது. ஆற்றங்கரை நிலத்தை 1929 முதல் சரளைக்காகத் தோண்டினார்கள். தோண்டிய பள்ளங்களில் நீர் நிறைந்து பறவைகள் வந்தன. 1966-இல் அதை இயற்கைக் காப்பிடமாகத் திறந்துவைத்தவர் டேவிட் அட்டன்பரோ. அவருடைய தந்தை பிரெடெரிக் பிறந்தது 1887-இல், நாட்டிங்காம்ஷயரின் ஸ்டேபிள்ஃபோர்டு என்ற ஊரில். அங்கிருந்து அட்டன்பரோ தேவாலயம் சுமார் நான்கு கிலோமீட்டர். ஒரு மணி நேர நடை.